எண்ணால் எழுந்த இன்னொலி

இருள் சூழ்ந்த திண்ணையில் ஒருவன் அமர்ந்திருக்கிறான். தெருவில் நால்வர் பேசிக்கொண்டு செல்கின்றனர். அவர்தம் முகம் தெரியவில்லை. ஆயினும், “இது மாமாவின் குரல், அது மேலைத்தெரு ஆசிரியரின் குரல்” என்று அவன் தயக்கமின்றி உரைத்துவிடுகிறான். நால்வரும் ஒரே சொல்லை, ஒரே சுருதியில், ஒரே அளவு உரக்கச் சொன்னாலும் அவன் ஏமாறுவதில்லை. அவ்வாறே, வீணையும் புல்லாங்குழலும் ஒரே சட்சத்தை ஒலிக்குங்கால், இது நரம்பின் ஒலி, இது துளையின் ஒலி என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருதி என்றும், அதன் வன்மையை உரப்பு என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டும் ஒத்திருந்தும் ஓரொலியை மற்றோரொலியினின்று பிரித்துக் காட்டும் மூன்றாவது குணம் ஒன்று உண்டு. அதனைப் ‘பண்பு’ என்பர் இயற்பியலார்.

பண்பு எதனால் உண்டாகிறது? வீணையின் நரம்பொன்று நொடிக்கு 200 முறை அதிர்வதாகக் கொள்வோம். அந்நரம்பிலிருந்து 200 என்னும் அதிர்வெண் மட்டும் எழுவதில்லை. 400, 600, 800 என அதன் மடங்குகளாகிய மெல்லிய ஒலிகளும் உடனெழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்பர். எந்த மேற்சுரம் எவ்வளவு வலிமையோடு கலந்துள்ளது என்பதைப் பொறுத்தே பண்பு அமைகிறது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1863-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விரித்துரைத்தார். அவர் உரைத்தது உண்மை. எனினும் முழு உண்மை அன்று. ஒலி எவ்வாறு தொடங்குகிறது, எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு தேய்ந்து அடங்குகிறது என்பதும் பண்பின் பகுதியே ஆகும். கோயில் மணியின் ஒலியைப் பதிவு செய்து, நாவு மோதும் அந்தத் தொடக்கக் கணத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டால், அது மணிதானா என ஐயுற நேரும்.

ஓரொலியில் கலந்துள்ள பொருள்கள் இன்னவை என அறிந்தபின், அவற்றைத் தனித்தனியே கூட்டி அவ்வொலியைப் புதிதாகப் படைத்தல் இயலுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. மின்சாரத்தின் துணைகொண்டு அவ்வாறு ஒலிபடைக்கும் கருவியே சிந்தசைசர். அமெரிக்க நாட்டு ராபர்ட் மூக் என்பார் 1964-ஆம் ஆண்டில் இத்தகைய கருவியொன்றைச் சமைத்தார். அதன் முகப்பில் பல குமிழ்கள் இருந்தன. ஒரு குமிழைத் திருகினால் ஒலியின் கூர்மை குறையும். மற்றொன்றைத் திருகினால் ஒலி மெல்லத் தொடங்கும். வேறொன்று, விசைப்பலகையினின்று விரலை எடுத்தபின் ஒலி எத்துணை நேரம் நீடிக்கும் என்பதை வரையறுக்கும். செய்ய வேண்டுவதெல்லாம் கண்முன்னே விரிந்து கிடந்தமையின், அக்கருவியைக் கையாளுதல் ஓரளவு எளிதாயிற்று. குறை ஒன்றுண்டு. நள்ளிரவு வரை முயன்று அரியதோர் ஒலியைக் கண்டுபிடித்தவன், குமிழ்கள் நின்ற நிலைகளைத் தாளில் குறித்துவைக்க மறந்தானாயின், மறுநாள் அவ்வொலி அவனுக்குக் கிட்டுதல் அரிது. ஒலியமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு கணிப்பொறி உள்ளே அமைந்த ‘பிராஃபெட் 5’ என்னும் சிந்தசைசர் 1978-ஆம் ஆண்டில் வந்தபின்னர் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கியது.

இக்கருவிகளெல்லாம், மேற்சுரங்கள் நிறைந்த தடித்த ஒலியொன்றை முதலில் எழுப்பி, வேண்டாதவற்றை வடிகட்டி நீக்கும் முறையைப் பின்பற்றின. கல்லில் வேண்டாத பகுதியைச் செதுக்கி எறிந்தால் எஞ்சுவது சிலை என்பது போன்றது அம்முறை. இதற்கு முற்றிலும் மாறான வழியொன்றைக் கண்டவர் பொறியியல் வல்லுநர் அல்லர். முரசும் பிற தாளக் கருவிகளும் முழக்கிய இசைவாணர் ஒருவர். அவர் பெயர் ஜான் சௌனிங்.

சௌனிங் 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். பாரிஸ் நகரில் நாடியா பூலாஞ்சே என்னும் புகழ்பெற்ற அம்மையாரிடம் இசையமைத்தல் பயின்றபின், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். கணிப்பொறியைக் கொண்டு எவ்வொலியையும் உண்டாக்கலாம் என்று பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய கட்டுரை அவர் கையில் கிடைத்தது. கணிப்பொறியின் இயல்பை அறியாதிருந்த அவ்விளைஞர், 1964-ஆம் ஆண்டில் மேத்யூஸை நேரிற் கண்டு, துளையிட்ட அட்டைகள் அடங்கிய பெட்டியொன்றைப் பெற்றுத் திரும்பினார். அவ்வட்டைகளில் இருந்தது, எண்களை ஒலியாக மாற்றும் ஆணைத்தொடர். இசை பயில வந்தவர் எண்ணைப் பயிலத் தொடங்கினார். “எண்ணும் எழுத்தும் கண்” எனச் சிறுவயதில் கற்ற தமிழ்மாணவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது போலும்!

1967-ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் கம்பிதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாடுவோர் ஒரு சுரத்தை நிலையாக நிறுத்தாமல் மெல்ல அசைத்துப் பாடுவதே கம்பிதம். அந்த அசைவு நொடிக்கு ஐந்து அல்லது ஆறு முறை நிகழ்வது வழக்கம். கணிப்பொறிக்கு வழக்கம் ஏது? சௌனிங் அசைவின் வேகத்தைக் குறிக்கும் எண்ணைப் பத்தாக்கினார், இருபதாக்கினார், மேலும் மேலும் கூட்டினார். அசைவின் அகலத்தையும் உடன் பெருக்கினார். எண்கள் ஓரெல்லையைக் கடந்ததும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சுருதி நடுங்குவதாகச் செவி உணரவில்லை. அதற்கு மாறாக, ஒலியின் பண்பே மாறிவிட்டது! மேற்சுரம் ஒன்றுமில்லாத வெறும் ஒலியிலிருந்து, மேற்சுரங்கள் செறிந்த புத்தொலி பிறந்தது.

மனிதத் தொண்டைக்கும் விரலுக்கும் எட்டாத வேகத்தில் சுரத்தை அசைத்தால் என்ன விளையும் என்பதை அதுகாறும் இசைவாணர் மிகப் பலர் செவியாற் கேட்டிலர். வானொலியில் இம்முறை முன்னரே பயன்பட்டு வந்ததுதான். ‘அதிர்வெண் பண்பேற்றம்’ என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆனால் அங்கே அது ஒலியைத் தொலைவுக்கு ஏந்திச் செல்லும் வண்டியாக மட்டுமே இருந்தது. அதனையே இசைக்குப் பொருளாக்கியவர் சௌனிங்.

இதன் கணக்கு எளியது. இரண்டு அலைகளைக் கொள்வோம். ஒன்று நம் செவிக்கு எட்டும் அலை; அதனைத் தாங்கி என்போம். மற்றொன்று அதனை அசைக்கும் அலை. அதன் ஒலி நேரே செவிக்கு வருவதில்லை. தாங்கி 400, அசைப்பது 400 எனில், பிறக்கும் ஒலிகள் 400, 800, 1200 என மடங்குகளாய் அமையும். அவ்வொலி குழற்கருவியின் ஒலியை ஒத்து இனிமையாய்ச் சேரும். தாங்கி 200, அசைப்பது 400 எனில், 200, 600, 1000 என ஒற்றைப்படை மடங்குகளே எழும். கிளாரினெட்டை ஒத்த, உட்குடைந்தாற் போன்ற ஒலி கேட்கும். தாங்கி 200, அசைப்பது 280 எனில், 200, 480, 760 என்று ஒரு வரிசையும், 80, 360, 640 என்று மற்றொரு வரிசையும் தோன்றும். இவை 200-க்கு மடங்காய் ஒழுங்குபட நில்லாமல் ஒன்றோடொன்று முரணும். அம்முரணே உலோகத்தின் குரல். மணியோசை அதனின்று பிறக்கிறது. இரண்டே அலைகள்! அவற்றின் விகிதத்தை மாற்றினால் கருவியே மாறுகிறது. அசைவின் அளவைக் கூட்டினால் ஒலி பளிச்சிடுகிறது, குறைத்தால் மங்குகிறது.

சில ஆண்டுகள் சென்றன. எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகளில் ஒலி வலுக்குந்தோறும் மேற்சுரங்கள் மிகுகின்றன என்று ழான் கிளாட் ரிசே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆய்ந்து கண்டிருந்தார். அது 1971-ஆம் ஆண்டில் சௌனிங்கின் நினைவுக்கு வந்தது. உரப்பு எவ்வாறு எழுந்து தாழ்கிறதோ அவ்வாறே அசைவின் அளவும் எழுந்து தாழும்படி இரண்டையும் பிணைத்தார். உடனே எக்காளத்தின் குரல் கணிப்பொறியினின்று எழுந்தது. தம் கண்டுபிடிப்பை 1973-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்.

அதன் பயனை அக்காலத்தில் உணர்ந்தோர் மிகச் சிலரே. ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றுக்குப் பல்கலைக்கழகத்தார் இதனைக் காட்டினர். அந்நிறுவனத்தார் ஒலியைக் கேட்டு வியந்தனரேனும், எண்களால் இயங்கும் கருவி அவர்தம் தொழிலுக்குப் புறம்பானதாயிருந்தமையின் ஏற்றாரில்லை. நிப்பான் கக்கி என்று அந்நாளில் பெயர்பெற்றிருந்த ஜப்பானிய யமஹா நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வந்து கேட்டார். அவருக்குச் சில நிமிடங்களிலேயே முழுதும் விளங்கிவிட்டது. இதற்கிடையே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. அதனை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா என்பது படிப்போர் முடிவுக்குரியது. சௌனிங்குக்கு நிலையான ஆசிரியப் பதவி அளிக்கப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. மனைவி மக்களோடு இருந்த அவர் பணியின்றி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அவர் கண்டுபிடிப்புக்கு யமஹா நிறுவனம் விலைபேச முன்வந்தபோது, கண்டவர் அங்கே இல்லை! பின்னர்ப் பல்கலைக்கழகம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1975-ஆம் ஆண்டில் அமைந்த கணிப்பொறி இசை ஆய்வு மையத்துக்கு அவரே தலைவரானார். கண்டுபிடிப்புக்கான காப்புரிமை 1977-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. அது காலாவதியாவதற்குள் அப்பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் வருவாய் ஈட்டித் தந்தது என்பர்.

ஓரொலியைக் கணக்கிடப் பெரிய கணிப்பொறி நெடுநேரம் எடுத்துக்கொண்ட காலம் அது. விரல் பட்டவுடன் ஒலி எழ வேண்டுமானால், அந்தக் கணக்கு முழுவதும் சிறு சில்லுகளுக்குள் அடங்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1983-ஆம் ஆண்டில் யமஹா ‘டி.எக்ஸ்.7’ என்னும் சிந்தசைசரை வெளியிட்டது. 61 கட்டைகள் கொண்ட அக்கருவி ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலிக்க வல்லது. 32 ஒலியமைப்புகளை உள்ளே சேர்த்துவைக்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

அதன் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒவ்வோர் ஒலிக்கும் ஆறு அலைகள் உண்டு. அவற்றை ஆபரேட்டர் என்பர். எந்த ஆபரேட்டர் தாங்கியாக நிற்கும், எது எதனை அசைக்கும் என்னும் முறைவைப்புக்கு அல்காரிதம் என்று பெயர். அத்தகைய அல்காரிதங்கள் 32. ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் யார் யாருக்கு ஏவல் செய்வது என்பதை 32 வகையாக ஏற்படுத்தி வைத்தாற்போன்றது இது. ஐந்தாம் அல்காரிதத்தில் ஆறு ஆபரேட்டர்களும் மூன்று இணைகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வோர் இணையிலும் ஒன்று ஒலிக்கும், மற்றொன்று அசைக்கும். தொடங்குவோர் பயில்வதற்கு இதுவே தக்கது. முப்பத்திரண்டாம் அல்காரிதத்தில் ஆறும் தாங்கிகளே; ஒன்றையொன்று அசைப்பதில்லை.

கருவியின் முகப்பிலோ குமிழ்கள் இல்லை. தட்டையான பொத்தான்களும், மேலும் கீழும் நகரும் சறுக்குப்பிடிகளும், இரண்டு வரி எழுத்துத் தெரியும் சிறு சாளரமும் உண்டு. ஓரொலிக்குரிய அளவுகளோ நூற்று நாற்பதுக்கு மேல். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓரளவு சாளரத்தில் தோன்றும். பிடியை நகர்த்தி அதன் எண்ணை மாற்றலாம். ஏனைய அளவுகள் அப்போது கண்ணுக்குத் தெரியா. கோபுரம் முழுவதையும் சாவித்துளை வழியே காண முயல்வது போன்றதுதான் இது. இதனால் பலர் மனம் தளர்ந்தனர். அவர்கள் மீது குற்றமில்லை. கருவியின் முகப்பு வாங்கியோரின் வசதியை நோக்கி அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எனினும் முறையறிந்து தொடங்கினால் அக்கருவி வசப்படும். மணியோசை ஒன்றை அமைக்கும் வகையைக் காண்போம். ஐந்தாம் அல்காரிதத்தைத் தெரிந்துகொண்டு, முதல் இரண்டு ஆபரேட்டர்களை மட்டும் விட்டு ஏனைய நான்கையும் அடக்கிவிட வேண்டும். முதலாவது தாங்கி, அதன் விகிதம் 1.00, ஒலியளவு 99. இரண்டாவது அசைப்பது, அதன் விகிதம் 1.40, ஒலியளவு 0. இப்போது கட்டையை அழுத்தினால் இசைக்கவையின் ஒலி போன்ற, நிறமற்ற ஒலி கேட்கும். இனி இரண்டாவதன் ஒலியளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஐம்பது வரை பெரிதாக ஒன்றும் நிகழாது. பொறுமையற்றவன் கருவி பழுது என்று எண்ணிவிடுவான். காரணம் யாதெனில், ஒவ்வோர் எட்டுப் படிக்கும் அசைவின் வன்மை ஏறத்தாழ இருமடங்காகிறது. ஒன்று இரண்டாவதும் இரண்டு நான்காவதும் செவிக்குப் பெரிதல்ல; நூறு இருநூறாகும்போதுதான் வேறுபாடு புலனாகும். அறுபதைக் கடந்ததும் உலோகத்தின் கீற்று தோன்றும்; எண்பதை நெருங்குகையில் மணி கணீரென்று எழும்; தொண்ணூற்றைத் தாண்டினால் தகரத்தைத் தட்டும் இரைச்சலாகிவிடும். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையை அப்பி, தட்டிக் கேட்டு, சிறிது எடுத்து, மீண்டும் தட்டிக் கேட்கும் வித்துவானைப் பார்த்தவர்க்கு இவ்வேலையின் இயல்பு விளங்கும். ஒருமுறைக்கு ஓரெண்ணையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டு, நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று தேடுவது வீண் உழைப்பு.

விகிதமும் அளவும் அமைந்தும் மணி இன்னும் மணியாகவில்லை. கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஒலி குறையாமல் நின்றுகொண்டிருக்கிறது. எந்த மணியும் அவ்வாறு ஒலிப்பதில்லை. ஒலியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வரையறுப்பதற்கு ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் நான்கு நிலைகளும் நான்கு வேகங்களும் உண்டு. கட்டையை அழுத்தியவுடன் ஒலி முதல் வேகத்தில் முதல் நிலைக்குச் செல்லும். பிறகு இரண்டாம் வேகத்தில் இரண்டாம் நிலைக்கும், மூன்றாம் வேகத்தில் மூன்றாம் நிலைக்கும் சென்று அங்கே தங்கும். விரலை எடுத்ததும் நான்காம் வேகத்தில் நான்காம் நிலையை அடையும். இங்கே தொடக்கத்தார் இடறுகின்றனர். எண் பெரிதானால் நேரம் நீளும் என்று அவர்கள் கருதுகின்றனர். இவை நேரங்கள் அல்ல, வேகங்கள். 99 என்பது கண்ணிமைக்கும் விரைவு, சிறிய எண்ணே நெடிய தேய்வு. மணிக்கு முதல் வேகம் 99, முதல் நிலை 99 ஆதல் வேண்டும். நாவு மோதியவுடன் ஒலி எழுகிறதன்றோ? இரண்டாம், மூன்றாம் வேகங்கள் குறைந்தும், மூன்றாம் நிலை 0 ஆகவும் இருத்தல் வேண்டும். நான்காம் நிலையை 0 ஆக்க மறந்தால், விரலை எடுத்த பின்னும் ஒலி ஓயாது. வாசித்தவன் அறையை விட்டு வெளியேறினாலும் கருவி முனகிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் ஆபரேட்டர் தாங்கியைவிடச் சற்று விரைவாகத் தேயுமாறு வைப்பது இதன் உயிர்நிலை. அப்போது ஒலி உரத்த உலோகக் கூர்மையோடு தொடங்கி, போகப்போகக் கூர்மை நீங்கிக் கார்வை மட்டும் எஞ்சும். உண்மை மணியிலும் மேற்சுரங்களே முதலில் மாய்கின்றன. மேலும், விரல் அழுத்தும் வன்மைக்கேற்ப ஆபரேட்டரின் அளவு மாறுமாறு 0 முதல் 7 வரை ஓரெண் உண்டு. அதனை இரண்டாம் ஆபரேட்டருக்குக் கூட்டிவைத்தால், மெல்லத் தொட்டால் மங்கிய மணியும், வன்மையாய் அழுத்தினால் பளிச்சிடும் மணியும் ஒரே கட்டையிலிருந்து வரும்.

கருவியோடு வந்த ஆயத்த ஒலிகளை டேவ் பிரிஸ்டோ, கேரி லூயன்பெர்கர் ஆகிய இருவர் இம்முறையில் பிறருடன் சேர்ந்து அமைத்தனர். அவற்றுள் ‘இ. பியானோ 1’ என்னும் ஒலி உலகெங்கும் பரவியது. அதுவும் ஐந்தாம் அல்காரிதமே. அதில் ஓரிணையின் விகிதம் 1-க்கு 14. சிறு கம்பியைச் சுண்டினாற் போன்ற ‘டிங்’ என்னும் தொடக்கவொலி அந்தப் பதினான்கினின்றே பிறக்கிறது. ஒலி இனிதாயிருந்தமையால் வாங்கியோர் பலர் அதனோடு நிறைவெய்தினர். ‘எடிட்’ என்னும் பொத்தான் தீண்டுவாரற்றுக் கிடந்தது. 1980-களின் மெல்லிசைப் பாடல்கள் பல ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒத்தொலிப்பதற்கு இது ஒரு காரணமாயிற்று. பிரையன் ஈனோ போன்ற சிலர் மட்டுமே பொறுமையோடு உள்ளே புகுந்து தமக்கெனப் புத்தொலிகளை அமைத்துக்கொண்டனர். சௌனிங்கோ, 1977-ஆம் ஆண்டிலேயே, 1.618 என்னும் பொன்விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு ‘ஸ்ட்ரியா’ என்னும் இசைப்படைப்பை முழுவதும் கணிப்பொறியாலேயே இயற்றியிருந்தார்.

அமைத்த ஒலியைச் சேர்த்துவைக்கவும் ஒரு முறை உண்டு. கருவியின் நினைவகம் இயல்பாகவே பூட்டியிருக்கும். பூட்டை நீக்கி, ‘ஸ்டோர்’ பொத்தானை அழுத்தியவாறே இடத்தின் எண்ணைத் தெரிவித்தால்தான் ஒலி நிலைபெறும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் 32 ஒலிகளும் ஒருங்கே அழியும். பழைய கருவிகளை வைத்திருப்போர் அம்மின்கலத்தைக் காலத்தில் மாற்றிவிட வேண்டும். ஒலிகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தலும் நன்று. அக்கருவி கைக்கு எட்டாதவர்க்கும் வழி உண்டு. ‘டெக்ஸ்ட்’ என்னும் இலவச மென்பொருள் அதே ஆறு ஆபரேட்டர்களையும் 32 அல்காரிதங்களையும் கணிப்பொறித் திரையில் காட்டுகிறது. சாவித்துளை வழியே கண்ட கோபுரம் அங்கே முழுவதும் தெரிகிறது.

மேலே அமைத்த மணியையே எடுத்துக்கொண்டு, வேறெதையும் தொடாமல், இரண்டாம் ஆபரேட்டரின் விகிதத்தை மட்டும் 1.40-இலிருந்து ஒவ்வொரு படியாக உயர்த்திக் கேட்கலாம். 1.41, 1.42 என ஒவ்வோரெண்ணுக்கும் மணி சிறிது சிறிதாக வேறுபடும். 1.49-இல் ஒலி அலைபாய்ந்து நடுங்கும். 1.50 என்று வந்தவுடன், முரணி நின்ற ஒலிகளெல்லாம் 100, 200, 400, 500, 700, 800 என ஒரே குடும்பமாய் ஒழுங்குபட்டுவிடும். மணி மறைந்து, ஒரு ஸ்தாயி கீழே, குழலை ஒத்த ஒலி நிற்கும்.